சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை

பாண்டிச்செல்வி அந்தச் செய்தியைச் சொன்னபோது வேல்ராஜ் மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து தன் ஆரஞ்சு மேற்சட்டையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். விமானம் வந்து நிற்கும் தரையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்கிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தைத்த சட்டை. எண்ணெய்க் கறை ஒட்டினால் அதில் லேசில் போகாது. ஷிப்ட் முடிந்து வந்தவள் அறைக்குள்கூடப் போகாமல், சாப்பாட்டுப் பை தோளில் தொங்க நேரே மாடி ஏறி வந்திருந்தாள்.

“அத்தான், எங்க லைன்ல நாலு பேரைக் கொரியாவுக்கு அனுப்புதாவளாம். மூணு மாசம் டிரெய்னிங்கு. அதுல என் பேரும் இருக்கு.”

பிரஷ் நின்றது. வேல்ராஜுக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. ஆனால் வாயில் வந்தது, “எதுல போவீங்க?” என்பதுதான்.

“பிளேன்லதான். பெறகு தாம்பரம் பஸ்லயா?” என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அவளும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சட்டையிலிருந்து சோப்புத் தண்ணீர் மாடித் தரையில் வழிந்து, மழைநீர் போகும் ஓட்டைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி அவனுடைய மாமன் மகள், இப்போது மனைவி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேல்ராஜ் மீனம்பாக்கத்துக்கு வந்தது பெட்டி தூக்கும் காண்ட்ராக்ட் ஆளாக. விமானத்தின் வயிற்றுக்குள் முழங்கால் போட்டுத் தவழ்ந்து பெட்டி அடுக்கியவன், பிறகு நின்ற விமானம் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவனாகி, பிறகு இறக்கை நுனிக்கு நேரே தரையில் நின்று எதிலாவது இடிக்கிறதா என்று பார்ப்பவனாகி, கல்யாணமான வருஷத்தில் பரீட்சை எழுதி, விமானத்துக்குச் சைகை காட்டி நிறுத்துகிற பேட்டுகளைக் கையில் வாங்கினான். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் நிற்கும் என்பதற்காகவே கங்கா அக்கா வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீட்டில் கடைசி அறையைப் பிடித்தார்கள். அவன்தான் தினமும் தாம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி வேலைக்குப் போனான். ஒரகடம் ரோடு அப்போது எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி ஒதுங்கும் அகலம்தான். கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவே இன்னும் நெல் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் படப்பை வரை காற்று தூங்க வைத்துவிடும்.

அந்த முதல் வருஷங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வேல்ராஜுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வருவது அபூர்வம். வந்தால் மாடியில்தான் பொழுது போகும். விமானத்தை எப்படி நிறுத்துவீர்கள் என்று அவள் கேட்டதில் ஆரம்பித்தது அது. கீழே போய் இரண்டு தோசைக் கரண்டிகளை எடுத்துவந்து அவனிடம் கொடுத்தாள். “நாந்தான் பிளேன்” என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மாடியின் அந்தக் கோடியில் போய் நின்றாள்.

அவன் சொல்லிக் கொடுத்தான். ஓடுபாதையில் இறங்கிய விமானத்துக்கு எந்த எண் ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொல்வார்கள். முதுகில் ‘என் பின்னால் வா’ என்று எழுதிய ஜீப் ஒன்று முன்னால் போகும். ஸ்டாண்டு வந்ததும் ஜீப் விலகிவிடும். அதற்கப்புறம் தரையில் போட்ட மஞ்சள் கோடும், கோட்டின் முடிவில் நிற்கிற ஆளும்தான். “அவ்வளவு பெரிய பிளேனை ஓட்டுதவருக்கு நிறுத்தத் தெரியாதா?” என்றாள். “தெரியும். ஆனா மூக்குக்குக் கீழ இருக்கிற சக்கரம் அவரு கண்ணுக்குத் தெரியாது. பின்னால எறக்கை எங்க வருதுன்னும் தெரியாது. அதுக்குத்தான் நாங்க.” இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால், இதுதான் உன் இடம். முழங்கையை மடக்கி மடக்கி இரண்டு கைகளாலும் அழைத்தால், வா. ஒரு கை பக்கவாட்டில் நீண்டு மறு கை அழைத்தால், அந்தப் பக்கம் திரும்பு. கைகள் மெல்ல மெல்ல மேலே போய்த் தலைக்கு மேல் குறுக்காகச் சேர்ந்தால், நில். சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை விமானம் வந்து சேர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வாள். வாயால் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டே வருவாள். கடைசியில் அவன் கரண்டிகளைக் குறுக்கே சேர்க்கும்போது மட்டும் நிற்காமல் வந்து அவன் மேலேயே இடித்து நிற்பாள். கீழே துணி துவைத்துக்கொண்டிருக்கும் கங்கா அக்கா, “இன்னாடி அது மேல தடால்னு? வூடு பழசுடியம்மா, மெதுவா!” என்று குரல் கொடுப்பாள்.

கங்கா அக்காவுக்கு அவன் ‘பிளேன்காரரு’. தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். அவன் விமானம் ஓட்டுகிறான் என்றே நினைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவனும் அவசரப்பட்டுத் திருத்தியதில்லை. உண்மையில் அவன் விமானத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. அதை வெளியே யாரும் கேட்டதில்லை. பாண்டிச்செல்வி கொரியா போகிற செய்தி தெருவுக்குத் தெரியும் வரைக்கும்.

டெலிபோன் பூத் வைத்திருந்த கண்ணப்பன் வேடிக்கையாகத்தான் சொன்னார். டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். “இன்னா வேலு, நீ வெளிய நின்னு கை காட்டிக்கினு கீற, உன் சம்சாரம் உள்ள குந்திக்கினு பறக்கப் போவுது!” எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பாண்டிச்செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ முடிந்தது அந்தச் சண்டை. பாஷை தெரியாத ஊர் என்றான். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்றான். நாலு பேரில் நீ மட்டும்தான் கல்யாணமானவள் என்றான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் இருப்பதே அவனுக்குக் கோபத்தை ஏற்றியது.

“போறதுன்னா போ. போயி அங்கேயே இருந்துக்க.”

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, “இதை நீங்க யோசிச்சுச் சொல்லல. ஆனா சொல்லிட்டிய,” என்றாள். அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை அவனும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

அவள் கிளம்பிய அன்று அவனுக்கு ஷிப்ட். மாற்றிக்கொண்டிருக்கலாம், மாற்றிக்கொள்ளவில்லை. கம்பெனி வேன் வந்து நான்கு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனதாகவும், செல்வி கடைசிவரை தெரு முனையைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும் கங்கா அக்கா சொன்னாள். அவள் ஏறிய விமானம் அவனிடமிருந்து நாலு ஸ்டாண்டு தள்ளி நின்றது. டிராக்டர் அதைப் பின்னுக்குத் தள்ளியதையும், அது ஊர்ந்துபோய் ஓடுபாதையின் முனையில் காத்திருந்ததையும் அவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே கவனித்தான். அது மேலே எழும்பியபோது மட்டும் காதுக்கவசத்தைக் கழற்றினான். சத்தம் அடங்கும் வரை கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மாடியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து பிள்ளைப்பாக்கம் ஏரி ரோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணப்பன் பூத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். கண்ணப்பன் ஆள் அனுப்புவார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தால், கதவுக்கு வெளியே அடுத்து ஊருக்குப் பேசக் காத்திருக்கிற, கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்காசிப் பையன்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குளிரா, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதற்குமேல் அவனுக்கு வார்த்தை வராது. அவள்தான் பேசுவாள். பனி பெய்கிறது, உப்பைக் கொட்டினதுபோல் கிடக்கிறது என்றாள். அங்கே லைனில் தான் செய்த வயர்க் கட்டு ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வரவில்லை என்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டென்று குரல் மாறி, “இங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கியான்னு கேக்காவ. நான் வரணுமா, வேண்டாமா அத்தான்?” என்று கேட்டாள்.

வெளியே ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேல்ராஜ், “உன் இஷ்டம்” என்றான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அவன் பூத்துப் பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தான். ஏதாவது வாங்குகிற மாதிரி பக்கத்துக் கடையில் நின்று, பிறகு ஒன்றும் வாங்காமல் திரும்பினான். அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கங்கா அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

“இன்னாப்பா நீ, பொண்டாட்டிகிட்ட நல்லதா நாலு வார்த்த பேச மாட்டியா? இன்னைக்குப் போன் பண்ணா. நான்தான் ஓடிப் போய் எடுத்தேன். வெள்ளிக்கெழம காலைல சிங்கப்பூர்லேந்து வர்ற பிளேன்ல வருதாம். உனுக்குச் சொல்லச் சொல்லிச்சு.”

“வேற எதாவது சொன்னாளா?”

“சொல்லிச்சு. ‘அத்தானுக்கு அன்னிக்கு எந்த ஸ்டாண்டு’ன்னு கேட்டுச்சு. எனுக்கு இன்னா தெரியும்?”

வெள்ளிக்கிழமை அந்த விமானத்துக்கு பேட் பிடிக்க வேண்டியவன் சாம்சன். வல்லம் வடகால்காரன். இருவரும் ஒன்றாகப் பெட்டி தூக்கியவர்கள். இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று வேல்ராஜ் கேட்டபோது சாம்சன் முதலில் திட்டத்தான் செய்தான். “அன்னிக்குப் போவும்போது எவ்ளோ சொன்னேன், மாத்திக்கடா, போய் ஏத்தி வுட்டு வாடான்னு. கேட்டியா?” பிறகு தோளில் தட்டினான். “சரி, நான் எறக்கைக்குப் போறேன். நீயே கூட்டினு வா உன் பொண்டாட்டிய.” சூப்பர்வைசர் கன்னியப்பனிடம் போய்ச் சொன்னதும் அவனேதான்.

மாசி பிறந்திருந்தது. காலையிலேயே கான்கிரீட் தரையிலிருந்து வெக்கை எழும்ப ஆரம்பித்திருந்தது. விமானம் வருவதற்கு வெகு முன்பே வேல்ராஜ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். தரையில் ஒரு திருகு, ஒரு பாலித்தீன் உறை கிடந்தாலும் இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தான். எப்போதும் செய்வதுதான், அன்றைக்கு இன்னொரு சுற்றும் நடந்தான். மஞ்சள் கோட்டின் முடிவில், அந்த வகை விமானத்தின் முன்சக்கரம் நிற்க வேண்டிய குறுக்குக் கோட்டைக் கண்ணால் அளந்து, அதற்கு நேரே முன்னால் போய் நின்றான். வலது இறக்கைப் பக்கம் சாம்சன். இடது பக்கம் புதிதாகச் சேர்ந்த அப்பாவு. பின்னால் கட்டைகளோடு இரண்டு பேர்.

விமானம் இறங்கியதை முதலில் பார்க்கவில்லை, கேட்டான். தூரத்தில் வேகத்தைக் குறைக்க இன்ஜின் போடுகிற இரைச்சல். பிறகு புல்லுக்கு மேலே வால் மட்டும் தெரிந்து நகர்ந்தது. ஜீப்பின் பின்னால் அது திரும்பி, வெக்கையில் அலையாடிக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல் வந்தது. ஜீப் விலகியது. வேல்ராஜ் இரண்டு பேட்டுகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

விமானத்தின் மூக்கு கோட்டின்மேல் வந்து நேரானது. அவன் அழைத்தான். அது வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கேப்டனின் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்தன. விமானத்துக்குள் இருந்த அத்தனை பேரில் அவனைப் பார்க்க முடிந்தவர்கள் அங்கே முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டே பேர். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அவள் ஜன்னலுக்குத் தெரிவதெல்லாம் வேறு விமானங்களும் பெட்டி வண்டிகளும்தான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பாதிக் கோடுகூட வந்திருக்காது. பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஒரு விமானம் கிளம்பித் திரும்பியது. அதன் இன்ஜின் காற்று பட்டு, பிரேக் போடாமல் விட்டிருந்த காலிப் பெட்டி வண்டி ஒன்று தானாக உருள ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல், யாரோ தள்ளிக்கொண்டு வருவதுபோல், ஸ்டாண்டின் எல்லையான சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, வலது இன்ஜின் வரவேண்டிய பாதையில் நின்றது. சாம்சனின் கைகள் தலைக்கு மேல் குறுக்காகப் பாய்ந்ததை வேல்ராஜ் பார்த்தான். அவன் கைகளும் அதே வேகத்தில் சேர்ந்தன. விமானத்தின் மூக்கு ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது. நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் யாரும் போக முடியாது. டிராக்டர் வந்து, இறக்கை நுனிக்கு வெளியே சுற்றி, எட்டத்திலிருந்து கயிறு போட்டுத்தான் வண்டியை இழுக்க வேண்டும். கன்னியப்பன் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டு ஓடினார். கேப்டன் உள்ளங்கையை விரித்து என்ன என்று கேட்டார். வேல்ராஜ் கைகளை அசைக்கவில்லை. அந்தக் கைகள் அப்படியே இருக்கும் வரைதான் விமானமும் அப்படியே இருக்கும்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. தோள்பட்டையில் முதலில் சூடும் பிறகு வலியும் ஏறியது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது, துடைக்க வழியில்லை. முன்பும் இப்படி நிறுத்தியிருக்கிறான், அதெல்லாம் வேலை. இன்றைக்கு அந்த வெள்ளை உடம்பின் உள்ளே எங்கேயோ அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் கழித்து வருகிறவளை, வராதே என்று தலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து நிறுத்திக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது. நல்லவேளை, அவளுக்குத் தெரியாது. பிறகு, தெரிந்தால் நன்றாயிருக்குமே என்றும் நினைத்தான். எதற்காக நிறுத்தினேன் என்று சொல்லலாம். சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிற விஷயமாவது ஒன்று இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் சொன்னதற்கு அவனிடம் காரணம் ஒன்றும் இல்லை. டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள் என்பதா காரணம்? அதை அவளிடம் சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். பிறகு இரண்டு பேருமாகச் சிரித்திருப்பார்கள்.

டிராக்டர் வண்டியை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனது. சாம்சன் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.

வேல்ராஜ் கைகளைப் பிரித்தான். மரத்துப்போயிருந்தன, தன்னுடையவை போலவே இல்லை. முழங்கைகளை மடக்கி அழைத்தான். இன்ஜின் ஒரு மூச்சு ஏறியது. விமானம் அசைந்தது. வா. இன்னும் வா. கண்ணப்பனின் கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டு வாயில் வராத ஒரே சொல். சம்பளத்துக்காகத் தினமும் எத்தனையோ தடவை சொல்கிறதுதான். யார் யார் வருகிறார்கள் என்று தெரியாமலே சொல்கிறதுதான். அன்றைக்கு அவன் தேவைக்கு அதிகமாகவே கையை வீசியிருக்க வேண்டும். இறக்கைப் பக்கத்திலிருந்து சாம்சன் சிரித்துக்கொண்டிருந்தான். முன்சக்கரம் குறுக்குக் கோட்டை நெருங்க நெருங்க அவன் கைகள் மேலே போயின, மெல்ல, மெல்ல. சேர்ந்தன. சக்கரம் கோட்டின்மேல் அசையாமல் நின்றது. கட்டைகள் உள்ளே போயின. இன்ஜின் சத்தம் இறங்கி, இறங்கி, ஒரு விசில்போல் மெலிந்து அணைந்தது.

ஏணி வந்தது. வேல்ராஜ் மூக்குக்குக் கீழேயே நின்றான். அவன் அங்கிருந்து நகரக் கூடாது. ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கடைசியாக, ஒரே மாதிரி நீலக் கோட்டு போட்ட நாலு பெண்கள். கம்பெனி கொடுத்ததாக இருக்கும். அவர்களில் பாண்டிச்செல்வியைக் காணவில்லை. பிறகுதான் மூன்றாவதாக வந்தவள் ஏணியின் நடுவில் நின்றுவிட்டதையும், பின்னால் வருகிறவள் இடித்துக்கொண்டு நிற்பதையும், நின்றவள் தரையில் இருந்த ஆரஞ்சுச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடுவதையும் பார்த்தான். பாண்டிச்செல்விதான், முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்து, கன்னத்தில் பனிவெடிப்பு. அவனைக் கண்டுகொண்டதும் அவள் கை காட்டவில்லை. பார்த்துக்கொண்டே இறங்கி, பார்த்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது திரிசூலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரிய பெட்டியின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கோட்டைக் கழற்றாமல்.

“கம்பெனி வேன் வரல?” என்றான்.

“வந்துச்சு. அவளுவளை அனுப்பிட்டேன்.” எழுந்து பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். “நீங்கதான நடுவுல நிறுத்துனது?”

“குறுக்க ஒரு வண்டி உருண்டு வந்துட்டு.”

“உள்ள எல்லாரும் வந்தாச்சுன்னு எந்திச்சிட்டாவ. பெட்டியெல்லாம் மேல இருந்து எடுத்து வச்சிக்கிட்டு நிக்காவ. நான் மட்டும் உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒருத்தர், எறங்கலையாம்மான்னாரு. இன்னும் கட்டை வைக்கல சார், கட்டை வச்ச பெறகு எந்திப்போம்னேன்.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அவரு என்னைய ஒரு மாதிரி பார்த்தாரு. என் வீட்டுக்காரருதான் கீழ நிக்காருன்னு சொன்னேன். அது நெசமான்னு எனக்கே தெரியாது. ஆனா சொன்னேன்.”

வேல்ராஜ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். தோள் அப்படியே வலித்தது. வேறு தோளுக்கு மாற்றவில்லை.

ரயிலில் கூட்டம். தாம்பரத்தில் பஸ் கிடைத்து உட்கார இடமும் கிடைத்தது. படப்பை தாண்டும் வரை அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். புதிதாக எழும்பியிருந்த ஒரு கம்பெனிச் சுவரைப் பார்த்து, “இது நான் போகையில இல்ல” என்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “திரும்பக் கூப்பிடுதாவ. ஆடி மாசம் போல. ஒரு வருசம். போயிட்டு வந்தா லைனுக்கு லீடர். நான் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.”

ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள் இருந்தன. நகங்களைச் சுற்றிக் குளிரில் தோல் உரிந்திருந்தது.

“நான் போகாதன்னு சொன்னா?” என்று கேட்டான்.

“போகமாட்டேன்.” இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். “ஆனா நீங்க அதைச் சொல்லக் கூடாது அத்தான்.”

ஒரகடம் வந்தது, போனது. முடியை ஏன் வெட்டினாய் என்று கேட்டான். அங்கே தண்ணீர் அவ்வளவு குளிர், காயவே மாட்டேன் என்கிறது என்றாள். நல்லாத்தான் இருக்கு என்றான். அவள் வெட்டிய முடியின் நுனியைக் கையால் ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் இறங்கியபோது பகல் ஷிப்ட் விட்ட நேரம். ரோட்டைத் தாண்டித்தான் கங்கா அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வெள்ளை, நீலம், மறுபடியும் வெள்ளை. ஜன்னல் ஜன்னலாகச் சீருடை போட்ட பெண்கள் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். மண் எழும்பி மஞ்சளாக நின்றது. வேல்ராஜ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இடைவெளிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருக்கவில்லை. இரண்டு பஸ்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்ததும் கோட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அங்கே ஏரிக்கரையில் நின்று திரும்பி இந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொன்னாள். ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போனதும் தெரிந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ் மறைத்தது. வெட்டிய முடி காற்றில் முகத்தில் விழ, அதை ஒதுக்கிக்கொண்டே மறுபடியும் எதையோ சொன்னாள். அவன் காதில் கைவைத்துக் கேட்கவில்லை என்று காட்டுவதற்குள் இன்னொரு பஸ். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த நீலக் கோட்டு, தண்ணீருக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தது.